களை எடுக்கக் கூடாத பாத்தி

கடைசியாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கினீர்களே, அப்போது என்ன பார்த்தீர்கள்? நிறம் பார்த்திருப்பீர்கள். பருமன் பார்த்திருப்பீர்கள். வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். அது விளைந்த பாத்தியில் ஒரு மனுஷி எத்தனை முறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தாள் என்று கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் அதோ போகிறார். பருவத்தின் நடுவே ஒரு நாள், காலை ஏழு மணி. ஆராய்ச்சிப் பண்ணையின் பின்வாசல் கம்பிக் கதவைத் தாண்டி, வரப்பின் மேல், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது. கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றிக் கட்டிய துணி, இடுப்பில் செருகிய களைக்கொத்து. புதிதாகப் பார்க்கிறவர்கள் யாரோ மேலதிகாரி என்று நினைத்து வழிவிடுவதும் உண்டு.

“பெரிய ஆபீசர் ரவுண்ட்ஸ் கெளம்பிட்டாங்க, எல்லாரும் எந்திரிங்க!” என்று கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி கத்துவாள்.

“சிரிடி, சிரி. இந்தக் கைய நம்ப முடியாது. அவுத்து விட்டா மேயப் போயிடும்.”

வேடிக்கைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பண்ணையில் களை பிடுங்கிய கைகள் அவை. கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு. நகக்கண்களில் எந்தச் சோப்புக்கும் போகாத கரும்பச்சைக் கறை. பேருந்தில் உட்கார்ந்தால் இருக்கை உறையில் பிய்ந்து தொங்கும் நூலைப் பிடுங்குவார். மகள் வேலைக்குக் கிளம்பும்போது அவள் தோளில் ஒட்டிய பஞ்சைப் பொறுக்குவார். வீட்டில் தையல் மெஷினுக்கு முன் குனிந்திருக்கும் கணவரின் தலையில் ஒரு நரைமுடி கண்ணில் பட்டால் அதுவும் போச்சு. “இருக்கறதே கொஞ்சம். அது பயிரும்மா, களை இல்ல” என்று அந்த மனுஷர் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்வார்.

அப்படிப்பட்ட கைகளுக்குத்தான் இந்தப் பருவத்தில் இப்படி ஒரு சோதனை வந்தது. எட்டு ரகச் சர்க்கரைவள்ளி. எழுபத்திரண்டு பாத்தி. வெள்ளைக் குச்சி நட்ட பாத்தியில் புல் தலைகாட்டினாலே பிடுங்க வேண்டும். நீலக் குச்சி என்றால் ஆறாவது வாரம் வரை பிடுங்கிவிட்டு, பிறகு விட்டுவிட வேண்டும். சிவப்புக் குச்சிப் பாத்தியில் நட்ட நாள் முதல் தோண்டும் நாள் வரை ஒரு புல்லைக்கூடத் தொடக் கூடாது. எந்த ரகம் களையோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறது, எது தோற்கிறது என்று பார்க்க அதுதான் வழி.

“களை எடுக்கக் கூலி குடுக்கறாங்க, சரி. எடுக்காம இருக்கவும் கூலி குடுக்கறாங்க பாரு. எடுக்காம இருக்கறதுதான்டி கஷ்டம்” என்பார்.

பண்ணையில் அவருக்குப் பெயர் ஆறாம் வார அக்கா. யார் என்ன புலம்பினாலும் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும். மகளுக்குப் புது வேலை ஒத்துவரவில்லை என்றாலும், யார் வீட்டுக் கைக்குழந்தை ராத்திரி தூங்க விடவில்லை என்றாலும், “ஆறாவது வாரம் வரைக்கும்தான். அப்புறம் தன்னால பாத்துக்கும்” என்று முடித்துவிடுவார். சர்க்கரைவள்ளியிடம் கற்ற பாடம் அது. நட்ட ஆறு வாரம் வரை கொடி சின்னப் பிள்ளை; புல்லோடு சண்டை போடத் தெம்பில்லை. ஆறு வாரத்துக்குள் தரையை மூடிவிட்டால் அதன் பிறகு புல்லுக்கு அங்கே வேலை இல்லை.

“உங்க கைராசிக்கா. நீங்க எடுத்த பாத்தியில மறுபடி மொளைக்கறதே இல்ல” என்று ஒரு நாள் அந்தக் கூட்டாளிப் பெண் சொன்னாள். அவளைப் பண்ணையில் ரேடியோ என்பார்கள். பேட்டரி தீராத ரேடியோ.

அக்காவுக்கு வந்ததே கோபம். “ராசியா? இங்க வா.” வரப்போரத்தில் மண்டிக் கிடந்த புல் மேல் ஒரு கிழிந்த சாக்கைப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்தார். “பதினஞ்சு நாள் கழிச்சு எடுத்துப் பாரு.” பதினைந்தாம் நாள் சாக்கைத் தூக்கினால், புல் வெளுத்து, வைக்கோல் போலச் சாய்ந்து கிடந்தது. “சாக்குக்குக் கைராசி இருந்துதா? வெளிச்சம்டி. வெளிச்சம் இல்லேன்னா எதுவும் வளராது. கொடி மூடுச்சுன்னா அதுவும் சாக்குதான்.” கைராசி என்று சொல்லிக்கொண்டு அன்றைக்குப் பிறகு யாரும் அவரிடம் வரவில்லை.

எட்டு ரகத்துக்கும் அலுவலகத்தில் எண்கள் உண்டு. அக்காவுக்கு எண்கள் ஒத்துவராது. மூன்றாம் எண் ரகத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்தார். அகல இலை, நாலாபக்கமும் ஓடும் கொடி, பக்கத்துப் பாத்திக்குள்ளும் கை நீட்டும். “வீட்டுக்குள்ள வேற யாரையும் அண்ட விட மாட்டா. அஞ்சாவது வாரமே கதவைச் சாத்திட்டா பாரு.” ஏழாம் எண் மாப்பிள்ளை. ஓடாது, படராது, நிமிர்ந்து நிற்கும் செடி, கத்தரித்து விட்டது போன்ற இலை, தோண்டினால் ஒரே அளவில் செக்கச் சிவந்த கிழங்கு. பண்ணை முழுக்க அதன் மேல்தான் ஆசை. “பாக்கறதுக்கு லட்சணம்தான். ஆனா தட்டுல எடுத்து வெச்சாத்தான் சாப்பிடுவார். சுத்திப் புல்லு மொளைச்சா சும்மா நின்னு பாத்துட்டிருப்பார்.”

அவருடைய பரிசோதனை முறையும் தனி. உச்சி வெயிலில் பாத்தி ஓரம் உட்கார்ந்து, திரைச்சீலையை விலக்குவது போலக் கொடியைத் தூக்கி, உள்ளங்கையைத் தரையில் வைப்பார். கை மேல் வெயில் புள்ளி எத்தனை விழுகிறது என்று பார்ப்பார். மாமியார் பாத்தியில் ஒன்றோ இரண்டோ. மாப்பிள்ளை பாத்தியில் கை முழுக்க வெளிச்சம்.

தவறு நடந்தது நான்காவது வாரம்.

அன்றைக்கு அக்காவும் ரேடியோவும் முதுகுக்கு முதுகாகக் குந்தி, இரண்டு நீலக் குச்சிப் பாத்திகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ரேடியோ தன் நாத்தனார் கதையை ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணத்துக்கு அவளே வாங்கிக் குடுத்த மிக்ஸிக்கா. நேத்து வந்து, அந்தச் சின்ன ஜார மட்டும் குடுங்கறா.”

“ஜார மட்டுமா?”

“ஆமா. மெஷின நீயே வெச்சுக்கோ அண்ணி, நான் ஒண்ணும் அல்பம் இல்லங்கறா!”

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே குந்திக் குந்தி நகர்ந்தார். நீலக் குச்சிப் பாத்தி முடிந்தது. கால் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. நாத்தனார் ஜாரை எடுத்துக்கொண்டு, மூடியை மறந்துவிட்டு, மூடிக்காகத் திரும்பி வந்த இடத்தில் கதை முடிந்தபோது அக்கா நிமிர்ந்தார். அவர் பின்னால் ஒரு பாத்தி முழுக்கத் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. அதன் மூலையில் சிவப்புக் குச்சி. ஏழாம் எண். மாப்பிள்ளை.

பிடுங்கிய புல்லை மறுபடி நட முடியுமா? ஒரு கணம் அதைக்கூட யோசித்தார்.

நேராகப் போய்ப் பண்ணை மேற்பார்வையாளரிடம் சொன்னார். டீ வேளைக்கும் சாப்பாட்டு வேளைக்கும் ஊதுவதால் அவருக்கு விசில் என்று பெயர். உர மூட்டை அடுக்கிய கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டிருந்தவர், கேட்டுவிட்டு இருபுறமும் பார்த்தார்.

“யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல சார். கூட இருந்தவளும் பாக்கல.”

“அப்ப என்ன? ரெண்டு வாரத்துல புல்லு மறுபடி மொளைச்சிடும், பாத்திக்குப் பாத்தி வித்தியாசமே தெரியாது. ஏம்மா, நீ போய்ச் சொன்னா ஆராய்ச்சி மேடம் உன்னைக் கேக்க மாட்டாங்க. என்னைத்தான் கேப்பாங்க, எங்க போய் நின்னேன்னு. அப்புறம் நான் உன்னைக் கேக்க வேண்டி வரும்.” விசிலை விரலில் சுற்றினார். “வேலைக்கு வெளியில எத்தனை பேர் நிக்கறாங்க தெரியுமில்ல?”

தெரியும். மகளின் சம்பளம் வாடகைக்கே சரியாகிவிடும் என்பதும், கணவரின் முதுகு வலி தையலைப் பாதியாக்கிவிட்டது என்பதும் தெரியும். அக்கா திரும்பி வந்து வேலையைப் பார்த்தார். அன்றிலிருந்துதான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் பழக்கம் வந்தது.

விசில் சொன்னபடியே நடந்தது. பத்தே நாளில் கோரை ஈட்டி போல எழும்பி, கீரைச் செடிகள் பரவி, பாத்தி பழைய கோலத்துக்கு வந்துவிட்டது. மேலே நின்று பார்த்தால் எல்லாச் சிவப்புக் குச்சிப் பாத்தியும் ஒன்று போலக் காடு. கீழே மட்டும் கணக்கு வேறு. நான்காவது வாரம் கிடைத்த அந்த ஒரு மூச்சுக்கு மாப்பிள்ளை வேரைப் பருக்கவைக்க ஆரம்பித்துவிட்டான். அக்காவுக்கு அது தெரியும். விரலை மண்ணில் விட்டுத் துழாவிப் பார்த்தார். உள்ளே கட்டியாக, உருண்டையாக இருந்தது. கையை எடுத்துத் தலைத்துணியில் துடைத்துக்கொண்டார்.

சும்மா இருந்துவிடலாம்தான். ஒரு பாத்தி. எழுபத்திரண்டில் ஒன்று. ஆனால் மூன்றாவது மாதம், டீக் குடிக்கும்போது ரேடியோ சொன்னாள்: “அக்கா, எங்க அரை ஏக்கர்ல அடுத்த தடவை மாப்பிள்ளையத்தான் வெக்கப் போறேன். களையத் தாங்கி வெளையுமாம், விசில் சொன்னாரு. நான்தான் நாளெல்லாம் இங்கயே கெடக்கறேனே, அங்க யாரு களை எடுக்கறது?”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். ஊரார் பயிருக்குக் களை எடுக்கப் போவதால் சொந்தப் பயிருக்குக் களை எடுக்க நேரமில்லாத பெண். அவளுக்காகத்தான் இந்த எழுபத்திரண்டு பாத்தியும். அவளுக்குத்தான் பொய் போய்ச் சேரப்போகிறது. வேண்டாமடி என்று காதோடு சொல்லிவிடலாமென்றால், ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால் அரை மணியில் பண்ணை முழுக்க ஒலிபரப்பாகிவிடும்.

“பொறுடி. கெழங்கு வரட்டும்” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில், பண்ணை முன்பு வெளியிட்ட ரகக் கையேட்டை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சமையலும் தையலும் தூக்கமும் நடக்கிற ஒரே அறை. மகள் அடுப்புக்கும் மெஷினுக்கும் நடுவே உட்கார்ந்து படித்தாள். “நல்ல பராமரிப்பில் ஏக்கருக்குப் பத்து டன் வரை விளைச்சல் தரும்.” பக்கத்தைப் புரட்டினாள். “நல்ல பராமரிப்புன்னா என்னம்மா?”

“என் முட்டிதான்” என்றார் அக்கா.

அந்தக் கையேட்டை எழுதியவர்களுக்கு மண்ணின் உப்பு தெரியும், மழையின் அளவு தெரியும், உரத்தின் எடை தெரியும். அந்தப் பத்து டன்னுக்குள் எத்தனை பெண்களின் முழங்கால் தேய்ந்து கிடக்கிறது என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. கூலியாள் வைக்க முடிந்தவன் அந்த விளைச்சலை எடுத்துக்கொள்வான். முடியாதவள் தன்மேல்தான் குறை என்று நினைத்துக்கொள்வாள். அறிவியல் பொய் சொல்வதில்லை. ஆனால் யாரை எதைக் கேட்பது என்று முடிவு செய்கிறவர்கள் மனிதர்கள்.

தோண்டும் நாள் வந்தது. கொட்டகைக்குக் கீழே தராசு. பக்கத்தில் நோட்டுடன் ஆய்வாளர். மெலிந்த, கண்ணாடி போட்ட பெண்; வெயிலுக்குத் தொப்பி வைத்திருப்பார், ஆனால் அது எப்போதும் கையில்தான் இருக்கும். ஒவ்வொரு பாத்திக் கிழங்கும் தனித்தனிக் கூடையில் வந்தது. வெள்ளைக் குச்சியில் மாப்பிள்ளை முப்பது கிலோவைத் தாண்டி முதலிடம், மாமியார் இருபத்திரண்டு. சிவப்புக் குச்சி வந்ததும் மாமியார் மூன்று பாத்தியிலும் பதினைந்து, பதினாறு என்று நின்றாள். மாப்பிள்ளையின் முதல் கூடை ஆறரை. இரண்டாவது ஏழு, அதிலும் கோரைக் குருத்து கிழங்கையே ஊடுருவி மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

மூன்றாவது கூடை பத்தொன்பது.

ஆய்வாளர் மறுபடி எடை போடச் சொன்னார். மறுபடியும் பத்தொன்பது. “இது எப்படி?” என்று அவர் கேட்டபோது குரலில் சந்தேகமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. மாப்பிள்ளை தேறினால் மேலிடத்துக்கு மகிழ்ச்சி.

“அந்தப் பக்கம் மண்ணு கொஞ்சம் வளமான மண்ணு மேடம்” என்றார் விசில்.

அக்கா கூடைகளைச் சுமந்து வந்து நின்றிருந்தார். இடுப்பிலிருந்து களைக்கொத்தை உருவினார். தராசின் மேலிருந்த கிழங்குக் குவியலின் மேல் அதை வைத்தார். முள் கொஞ்சம் ஆடி நின்றது.

“மண்ணு மேல பழி போடாதீங்க சார்.” பிறகு ஆய்வாளரைப் பார்த்தார். “இது மாப்பிள்ளை வெளைய வெச்சது இல்ல மேடம். என் கை வெளைய வெச்சது. நாலாவது வாரம் இந்தப் பாத்தியில களை எடுத்துட்டேன். தெரியாம எடுத்தேன். ஆனா முழுசா எடுத்தேன்.”

ரேடியோ தன் கூடையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“ஏன் அப்பவே சொல்லல?”

அக்கா விசிலின் பக்கம் திரும்பக்கூட இல்லை. “இப்பவாவது சொல்லிட்டேனே” என்றார்.

ஆய்வாளர் நோட்டில் மூன்றாவது கூடையின் வரியைத் தேடினார். பிறகு பத்தொன்பதின் குறுக்கே ஒரு கோடு போட்டார். சுலபமான கோடு இல்லை அது. மேலே போய் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார்.

“அக்கா, வெள்ளைக் குச்சிப் பாத்தியில நீங்கதானே களை எடுத்தீங்க? மாப்பிள்ளைக்கு எத்தனை தடவை எடுத்திருப்பீங்க?”

“பதினொண்ணு.”

“மாமியாருக்கு?”

“நாலு. அஞ்சாவது தடவை போனேன், எடுக்க ஒண்ணுமே இல்ல, திரும்பி வந்துட்டேன்.”

“எப்படி ஞாபகம் இருக்கு?”

“எந்திரிக்கறப்ப வலிக்குது இல்ல மேடம், மறக்குமா?”

ஆய்வாளர் அளவுகோலை எடுத்து, நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். ஏழாம் எண்ணுக்கு எதிரே பதினொன்று. மூன்றாம் எண்ணுக்கு எதிரே நான்கு. முப்பது கிலோவும் இருபத்திரண்டு கிலோவும் அந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் வேறு மாதிரித் தெரிந்தன. “மீதி ஆறு ரகத்துக்கும் திங்கக்கெழம உக்காந்து எழுதிடலாம்கா” என்றார்.

திங்கட்கிழமை அக்கா பண்ணையில் இல்லை. “அடுத்த பருவத்துக்கு ஆள் வேணும்னா சொல்லி அனுப்பறேன்” என்று சனிக்கிழமை சாயங்காலமே விசில் கதவருகில் நின்று சொல்லிவிட்டார். அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆய்வாளரிடம் சொல்லியிருக்கிறார். கூலியாட்களைக் கூப்பிடுவதும் நிறுத்துவதும் விசிலின் கையில். இது ரேடியோ கொண்டுவந்த செய்தி. “நோட்டுல அந்தக் கட்டம் ரெண்டுதான் நிரம்பியிருக்குக்கா, மீதி ஆறும் காலி. அக்காவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்காங்கன்னு மேடம்கிட்ட சொல்லலாம்னு போனேன், மனுஷன் விசில ஊதி வெரட்டிட்டாரு. நானும் விடறதா இல்ல.”

ஐந்து வாரம் ஆகிறது. அக்கா கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறார். தைத்து முடித்த ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் பிடுங்குகிறார். வருத்தமா என்று கேட்டால், “ஆறாவது வாரம் வரைக்கும்தான்” என்கிறார்.

வாசலில் இரண்டு உடைந்த வாளிகள். தோண்டிய பிறகு பண்ணை வெளியே எறிந்த கொடிகளிலிருந்து ஒடித்து வந்து நட்ட கொடிகள். ஒன்றில் மாமியார், ஒன்றில் மாப்பிள்ளை. இரண்டிலும் சிவப்பு ரிப்பன் சுற்றிய குச்சி. மாமியார் வாளியின் விளிம்பைத் தாண்டி வழிகிறாள். மாப்பிள்ளையைச் சுற்றி நாலைந்து கோரை நிமிர்ந்து நிற்கிறது. ரேடியோவுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறார். வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவர் வலது கை தன்பாட்டுக்கு அந்தக் கோரையை நோக்கி நீள்கிறது. இடது கை அதன் மணிக்கட்டைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது.

நீங்கள் விவசாயி என்றால், அடுத்த முறை ஆராய்ச்சிப் பண்ணையில் கொடி வாங்கப் போகும்போது, ஏக்கருக்கு எத்தனை டன் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை முறை களை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். விவசாயி இல்லை என்றாலும் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் தெரியாமல் அவர்கள் விழித்தால், தெரிந்தவரை வேலைக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.